யார் கொடுக்க வேண்டிய விலை?

“சேர், எந்த மனிதன்?”

பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி நம்மிடம் கேட்ட கேள்வி இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டைச் சிதைத்துவிட்டுப் போனபின், பாடசாலை மீண்டும் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. காலநிலை மாற்றம் பற்றிய கட்டுரைப் பயிற்சிக்காக, ‘மனிதன் தன் பேராசையினால் வளிமண்டலத்தைக் கெடுத்தான்’ என்ற வாக்கியத்தை நாம் கரும்பலகையில் எழுதினோம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் பொருந்திய வாக்கியந்தான். ஆயின் அம்மாணவி ஐயுற்றது எழுவாயைப் பற்றி. அவளுடைய தாய் நாள்தோறும் கொழுந்து பறிப்பவள். வீட்டிலே விறகடுப்பு. வாகனம் என ஒன்று அக்குடும்பத்தில் எவரிடமும் இருந்ததில்லை. மலை சரியும் என்று எச்சரிக்கப்பட்டு லயத்தைவிட்டு வெளியேறிப் பல இரவுகள் பொதுமண்டபமொன்றின் தரையில் உறங்கியவர்கள் அவர்கள். ‘எந்த மனிதன்?’ என்ற கேள்விக்கு நாம் அன்று தக்க விடை கூறவில்லை. மணி அடித்தது, வகுப்புக் கலைந்தது. அன்று கூறத் தவறியதை இங்கே கூற முயல்கின்றோம்.

காலநிலைக் கேட்டுக்குப் பொருளியல் அறிஞர் பலர் ஆயத்தமாக வைத்திருக்கும் மருந்து ஒன்றுண்டு. ‘காபனுக்குச் சரியான விலை வையுங்கள், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்பதே அது. அதன் தத்துவம் எளியது. ஆலை முதலாளி நிலக்கரியை எரிக்கிறான். இலாபம் அவனுக்கு, புகை ஊருக்கு. புகையால் விளையும் சேதத்தின் செலவு அவனது கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அச்செலவை வரியாக அவன் தலையிலே ஏற்றினால், புகையைக் குறைக்கும் வழியை அவனே தேடுவான். கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில் இக்கருத்துக்கு அடிகோலினார். 1990இல் பின்லாந்தும் 1991இல் சுவீடனும் காபன் வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் புகைவிடும் உரிமையை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தையையே அமைத்தது. காலநிலை மாற்றம் உலகம் கண்ட மிகப் பெரிய சந்தைத் தோல்வி என்று 2006இல் பிரித்தானிய அரசுக்கு அறிக்கை சமர்ப்பித்தார் நிக்கலஸ் ஸ்டேர்ண். இத்துறை ஆய்வுக்காக அமெரிக்கரான வில்லியம் நோர்தோஸ் 2018இல் பொருளியலுக்கான நோபெல் பரிசும் பெற்றார்.

இத்தத்துவத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. கெடுத்தவன் கொடுக்கட்டும் என்பது நியாயமான வாதமே. சுவீடனில் வரி பலன் தந்தது என்பதும் உண்மையே. அங்கு வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரித்த நிலை மாறி மரக்கழிவும் பிற எரிபொருள்களும் பயன்பாட்டுக்கு வந்தன. பொருளாதாரம் வளர்ந்தது, புகை குறைந்தது. ஆயின் இவ்வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் அதன் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். வரி வருவதற்கு முன்னரே சுவீடனின் நகரசபைகள் நகரம் முழுவதற்கும் பொதுவான வெப்பக் குழாய்களை நிலத்தடியில் பதித்திருந்தன. எரிபொருளை மாற்ற வேண்டியது ஒரு கொதிகலனில். பலன் பெற்றவை ஆயிரம் வீடுகள். விலை திசையைக் காட்டியது. பாதையைப் போட்டதோ பொதுமக்களின் பணம். பாதையில்லா மலையிலே திசைகாட்டியை மாத்திரம் கையில் கொடுத்தனுப்பினால் என்ன நேரும்? நம் நாட்டின் அண்மைய வரலாறே அதற்குச் சான்று.

இலங்கையிலும் காபன் வரி என ஒன்று இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர சமர்ப்பித்த ‘நீலப் பசுமை’ வரவு செலவுத் திட்டத்தில் அது முன்மொழியப்பட்டது. 2018ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்படி 2019 ஜனவரி முதலாந் தேதி தொட்டு வாகனங்கள்மீது விதிக்கப்பட்டது. சரியாக ஓராண்டு வாழ்ந்தது. ஆட்சி மாறியதும் 2020 ஜனவரியுடன் நீக்கப்பட்டது.

பெயர் காபன் வரி. ஆனால் அது அளந்தது காபனையா? இல்லை. வாகனத்தின் எரிபொருள் வகை, வயது, இயந்திரக் கொள்ளளவு ஆகியவற்றையே அது அளந்தது. கொட்டகைக்குள் உறங்கும் காரும், அதே வயதும் அதே கொள்ளளவும் கொண்டு நாள்தோறும் நூறு கிலோமீற்றர் ஓடும் காரும் ஒரே வரியைச் செலுத்தின. வாகனம் பழையதாக ஆக வரி ஏறிற்று. பழைய வாகனத்தை வைத்திருப்பவன் யார்? புதியதை வாங்க வகையற்றவன். மின்சார வாகனத்துக்கோ முழு விலக்கு. அதை வாங்கக்கூடியவன் யார் என்பதை வாசகர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. வரியின் அளவு பற்றி வாதிட்டவர் பலர் இருந்தனர். அந்தப் பணத்தில் எத்தனை பஸ் வாங்கலாம், அந்த பஸ் எந்த மலைப்பாதையில் ஓடும் என்று வாதிட்டவரைக் காண்பது அரிதாயிருந்தது.

அவ்வரி நீக்கப்பட்டபோது நமது முற்போக்கு நண்பர் சிலரும் மகிழ்ந்தனர். ‘காபன் விலை என்பது ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி, உலகப் புகையில் நமது பங்கு நூறில் பத்திலொரு பங்கும் இல்லை, நம்மீது ஏன் வரி?’ என்பது அவர்களது வாதம். இந்த நண்பர்களோடும் நாம் வாதிட வேண்டியிருக்கிறது. ‘நம்மீது’ என்கிறார்களே, அந்த ‘நாம்’ யார்? வாகனமே இல்லாத கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அவ்வரி நீங்கியதால் ஒரு சதமேனும் மிஞ்சியதா? மிஞ்சியவை கொழும்பின் பெரிய இயந்திரங்களுக்கு. நாட்டின் சராசரி என்னும் போர்வைக்குள்ளே சொகுசு வாகனச் சொந்தக்காரனும் லயத்துக் குடும்பமும் ஒன்றாகப் படுத்துறங்குவதாகக் காட்டுவது இடதுசாரிப் பார்வையாகாது. ‘மனிதன் கெடுத்தான்’ என்ற நமது கரும்பலகை வாக்கியத்திலிருந்த அதே பிழையை, ‘இலங்கை கெடுக்கவில்லை’ என்ற வாக்கியத்திலும் செய்கிறோம். எழுவாய் இங்கும் தெளிவில்லை.

2019 டிசெம்பரில் நீங்கியது காபன் வரிக்கான ஆதரவு மாத்திரமன்று. பெறுமதிசேர் வரியும் 15 வீதத்திலிருந்து 8 வீதமாக அம்மாதமே குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைந்தன. திறைசேரி வற்றியது. தொற்றுநோய் வந்தது, சுற்றுலா வருமானம் போனது, வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. 2022இல் நாடு வங்குரோத்து அடைந்தது. செல்வர் செலுத்தாது விட்ட வரியை அப்போது யார் செலுத்தினார்கள் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. 2021 டிசெம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. ஏற்றம் 339 ரூபா. அதனை 2.7ஆல் வகுத்தால் ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ 125 ரூபா; ஒரு தொன்னுக்கு ஒன்றேகால் இலட்சம் ரூபா. டொலர் ஏறத்தாழ 360 ரூபா விற்ற அந்நாட்களில் இது தொன்னுக்கு ஏறத்தாழ 350 டொலராகும். ஐரோப்பியச் சந்தையிலே காபன் விலை உச்சத்தைத் தொட்டது 2023 பெப்ரவரியில். அப்போதும் அது நூறு யூரோவைச் சற்றே தாண்டியது. அதாவது, எந்தப் பொருளியல் அறிஞரும் வாய்கூசாமல் பரிந்துரைக்க முடியாத ஒரு விலையை, ஐரோப்பாவின் உச்ச விலையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விலையை, ஆறே மாதத்தில் இந்நாட்டு மக்கள் சுமந்தனர்.

இது காபன் வரியன்று. ரூபாவின் வீழ்ச்சியும் உலக எண்ணெய் விலையேற்றமுமே காரணம் என்று கூறுவர். அறிவோம். ஆயின் பஸ் ஏறுபவனுக்கு விலை என்பது விலைதான். அது எந்தப் பெயரில் வந்தது என்பதைப் பயணச்சீட்டு சொல்வதில்லை. விலை ஏறினால் மக்கள் தூய வழிக்கு மாறுவார்கள் என்பதல்லவா கோட்பாடு? ஹேவாஹெட்டயிலிருந்து மாரஸ்ஸன, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குச் செல்லும் ஒருவர் எதற்கு மாறுவார்? அந்த வழியில் ரயில் இல்லை. மின்சார பஸ் இல்லை. இருந்த பஸ்களும் டீசலின்றி நின்றன. ஓடியவற்றில் கட்டணம் ஏறிற்று. மக்கள் மாறினார்கள்: வேலைக்குச் செல்வதிலிருந்து செல்லாமைக்கு மாறினார்கள், வைத்தியசாலைக்குச் செல்வதிலிருந்து பொறுத்துக்கொள்வதற்கு மாறினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபா ஆயிற்று. லயங்களில் மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்தது, விறகடுப்பு மூண்டது. தூய எரிபொருளுக்குப் போகவேண்டிய குடும்பத்தை விலை, புகையை நோக்கியே தள்ளியது. அந்தப் புகை முதலிற் புகுந்தது வளிமண்டலத்திலன்று, அடுப்பூதும் பெண்ணின் நெஞ்சுக்குள்.

இறுதியில் எரிபொருளைப் பங்கிட்டது எது? விலையா? இல்லை, பங்கீட்டு முறை. விலையை நம்பி நின்ற அரசே, வாகனத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று ஒதுக்கீடு செய்யவேண்டிய நிலைக்கு வந்தது. அப்பங்கீடுகூட வாகனங்களைக் கணக்கெடுத்தது, மனிதரைக் கணக்கெடுக்கவில்லை.

ஆகவே முதலாவது முடிவு இது: பாதை போடாமல் விதிக்கும் விலை, புகையைக் குறைப்பதற்கு முன்னர் வறியவனைக் குறைக்கிறது. பிரான்ஸில் 2018 நவம்பரில் மஞ்சட் சட்டையணிந்து வீதிக்கு வந்த மக்கள் இதனையே கூறினர். அவ்வாண்டின் தொடக்கத்தில் பெருஞ்செல்வர்மீதான சொத்து வரியைக் குறைத்த அரசு, அதே கையால் எரிபொருள் வரியை ஏற்றியது. பஸ் வராத ஊர்களில் வாழ்ந்த மக்கள் அதனை இயற்கைக்குச் செய்யும் தொண்டாக ஏற்கவில்லை. அவர்கள் இயற்கையின் பகைவரா? கணக்கைப் புரிந்துகொண்டவர்கள்.

இனி, அந்த ‘சரியான விலை’ எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதையும் பார்ப்போம். ஒரு தொன் புகையால் எதிர்காலத்தில் விளையும் சேதத்தை எல்லாம் கூட்டி, அதன் இன்றைய மதிப்பைக் காண வேண்டும் என்பர். நூறாண்டு கழித்து நேரும் 100 ரூபாச் சேதத்தின் இன்றைய மதிப்பென்ன? ஆண்டுக்கு 1.4 வீதம் கழித்தால் 25 ரூபா. இது ஸ்டேர்ண் கையாண்ட வீதத்துக்கு நெருங்கியது. ஆண்டுக்கு 4 வீதம் கழித்தால் 2 ரூபா. நோர்தோஸ் முன்வைத்த வீதம் இதனினும் சற்று மிகுதி. கூட்டுவட்டி படித்த எந்த மாணவனும் இதனைச் செய்து பார்க்கலாம். மலை ஒன்றுதான், சரிவு ஒன்றுதான், சாகப்போகும் பேரக்குழந்தையும் ஒன்றுதான். வீதத்தை மாற்றியதும் சேதம் பன்னிரண்டு மடங்கு சுருங்கிவிடுகிறது! பிறவாத தலைமுறைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது அறக்கேள்வி. அதனைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, விஞ்ஞானம் என்று பெயரிட்டு நம்மிடம் நீட்டுகிறார்கள்.

பிறந்த தலைமுறைக்கேனும் சம மதிப்பு உண்டா? 1995இல், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் இயங்கும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் இரண்டாவது மதிப்பீட்டு அறிக்கை தயாரானபோது, அதில் எடுத்தாளப்பட்ட கணிப்புகள் செல்வ நாட்டவரின் ஓர் உயிருக்கு 15 இலட்சம் டொலரும், வறிய நாட்டவரின் ஓர் உயிருக்கு ஒன்றரை இலட்சம் டொலரும் மதிப்பிட்டிருந்தன. வளர்முக நாடுகள் கொதித்தெழுந்தன. பெரும் வாக்குவாதம் நிகழ்ந்தது. அறிஞர்கள் அதில் தவறு காணவில்லை. உயிரைக் காக்க அவரவர் எவ்வளவு கொடுக்க வல்லவர் என்பதையே அளந்தோம் என்றனர். கொடுக்க வல்லமையற்றவனின் உயிர் மலிவு. சந்தையின் தர்க்கத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அத்தர்க்கத்தை நமது மலைக்குக் கொண்டுவருவோம். டித்வாவினால் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டமே மிகுதியான உயிர்களை இழந்தது. கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் பயிர்நிலத்துக்கும் நேர்ந்த நேரடிச் சேதம் ஏறத்தாழ 410 கோடி டொலர் என்று உலக வங்கி கணித்தது. இத்தகைய கணக்கில் லயத்து அறையின் சந்தை மதிப்பு எவ்வளவு? அறை தோட்டத்துக்குரியது, நிலம் அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது. தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்தவர் அதனை விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. விற்க முடியாததற்குச் சந்தை மதிப்பு ஏது? மண்ணுள் புதைந்த உயிர் மட்டுமே தொழிலாளிக்குச் சொந்தமானது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுள் மறைந்தபோதும் இதுவே நிலை. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட மலை அது. எச்சரிக்கை வந்தது, எங்கே போவது என்பதற்குரிய நிலம் வரவில்லை.

‘எந்த மனிதன்?’ என்ற கேள்விக்கு விடை தேடுவோர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஹேவாஹெட்டப் பகுதியிலேயே லூல்கந்துர இருக்கிறது. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலை அங்குதான் தொடங்கிற்று என்று பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கு முன்னர் அம்மலைகளில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், உறுதியில்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்று ஆக்கியது. முதலில் கோப்பிக்காகவும், 1869 தொட்டுப் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன; எரிக்கப்பட்டன. ஆழ வேரோடி மண்ணைப் பிடித்திருந்த மரங்கள் போயின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் அழைத்துவரப்பட்டு, அந்தச் சரிவுகளிலேயே வரிசை வரிசையாகக் குடியிருத்தப்பட்டனர். காடெரிந்த புகையின் செலவு இலண்டனில் விற்ற கோப்பியின் விலையிற் சேர்க்கப்படவில்லை. மலையின் பிடிமானம் தளர்ந்த செலவு தேயிலையின் விலையிற் சேர்க்கப்படவில்லை. உழைத்தவர்களை 1948இல் நாடற்றவராக்கிய செலவும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்க்கப்படாத அச்செலவுகள் எல்லாம் ஒருங்கு திரண்டு 2025 நவம்பரில் ஒரே இரவில் மலையிலிருந்து இறங்கின.

வளிமண்டலத்தில் ஏறிய காபனீரொட்சைட்டின் கணிசமான பகுதி நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இன்றைய புகையை மாத்திரம் எண்ணுவது, பழைய கடனை அழித்துவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்கும் வட்டிக்கடைத் தந்திரம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பிரித்தானியா இதுவரை விட்ட புகை, இலங்கை விட்டதைப்போல் நூறு மடங்கினும் மிகுதி. இன்றும் இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு விடுவது சராசரியாக ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவர் விடுவது அதைப்போல் பதினான்கு மடங்களவு. அந்த ஒரு தொன் சராசரியிலும் நமது மாணவியின் வீட்டுக்கு எவ்வளவு வரும்? அதுமட்டுமன்று. இந்த மலைகளில் ஊறிய நீர் மகாவலியிற் சேர்ந்து விக்டோரியாவிலும் ரந்தெனிகலவிலும் சுழலிகளைச் சுழற்றி, புகையற்ற மின்சாரத்தைத் தாழ்நிலத்துக்கு அனுப்புகிறது. மலையின் வரவை எழுத மட்டும் எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

‘வரவை எழுதத்தானே காபன் சந்தை இருக்கிறது? மரம் நடுங்கள், சிறு நீர்மின் நிலையம் அமையுங்கள். செல்வ நாட்டுக் கம்பனிகள் உங்கள் வரவுகளை வாங்கும்’ என்பர். அச்சந்தையையும் நாம் கண்டோம். 1997இன் கியோட்டோ உடன்படிக்கை வழி இவ்வாறான வரவுகள் விற்கப்பட்டன; இலங்கையின் சிறு நீர்மின் நிலையங்களும் அதில் பதிவு பெற்றன. 2012இன் இறுதியில் அவ்வரவின் விலை தொன்னுக்கு ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது. வாங்குவோன் வேண்டாமென்றதும் தூய காற்று செல்லாக் காசாயிற்று. பத்தாண்டு கழித்து ஐரோப்பாவிலே தொன் நூறு யூரோ விற்றபோதும், வறிய நாடுகளின் காட்டு வரவுகள் பல சில டொலருக்கே கைமாறின. காபனீரொட்சைட்டுக்கு நாடில்லை, நிறமில்லை. ஆயினும் ஐரோப்பியத் தொன்னும் நமது தொன்னும் ஒரே விலைக்குப் போவதில்லை. கொழுந்தின் விலையைத் தோட்டத்தில் நிற்பவர் தீர்மானிக்காதது போலவே, காட்டின் விலையையும் அதனருகில் வாழ்பவர் தீர்மானிக்கவில்லை. நாளை தோட்டத் தரிசிலே மரம் நட்டு வரவு விற்கும் காலம் வருமாயின், வருமானம் குத்தகைக்காரருக்குப் போகும். ஏழு பேர்ச் காணிக்காக நெடுங்காலம் காத்திருக்கும் குடும்பத்துக்கோ, ‘அந்த நிலத்தில் மரம் நிற்கிறது’ என்ற விடை கிடைக்கும். விறகு பொறுக்கப் போனால் திருட்டு என்ற பெயரும் கிடைக்கலாம்.

இன்னொரு கணக்கையும் வாசகர் முன் வைக்கிறோம். காபன் வரியாலும் காபன் சந்தையாலும் உலக அரசுகள் 2023இல் திரட்டிய வருமானம் 10,000 கோடி டொலரைத் தாண்டியது. காலநிலைக் கேட்டால் நட்டமடையும் வறிய நாடுகளுக்கென 2022இல் எகிப்தில் கூடிய மாநாட்டில் உடன்பட்டு, 2023இல் துபாயில் தொடங்கிவைத்த இழப்பீட்டு நிதிக்குச் செல்வ நாடுகள் வாக்களித்த தொகை மொத்தமாகவே 100 கோடி டொலரை எட்டவில்லை. இந்தச் சிறு தீவுக்கு ஒரே வாரத்தில் நேர்ந்த சேதம் 410 கோடி டொலர். உலகம் முழுவதற்குமான இழப்பீடு, ஒரு தீவின் ஒரு வாரத்துச் சேதத்தில் நாலில் ஒரு பங்கும் இல்லை! 2026 தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, சீமெந்து, உரம் முதலிய இறக்குமதிகளின்மீதும் எல்லையில் காபன் கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. அப்பட்டியலிலே தேயிலை இல்லை. ஆயினும் கொள்கை கவனிக்கத்தக்கது: வறிய நாட்டுப் பொருளின் காபனுக்கு விலை வைத்து, அப்பணத்தைச் செல்வ நாட்டுக் கருவூலத்தில் சேர்ப்பது. கெடுத்தவன் கொடுக்கட்டும் என்று தொடங்கிய தத்துவம், கெட்டவனும் கொடுக்கட்டும் என்பதில் வந்து நிற்கிறது.

அப்படியானால் காபனுக்கு விலையே வேண்டாமா? வேண்டும். இதில் நமது நிலைப்பாட்டில் மயக்கமில்லை. புகைக்கு விலையில்லாத உலகம், புகைவிடுபவனின் சொர்க்கம். வரியை எதிர்ப்பதன்று, வரி யார் பெயரில் எழுதப்படுகிறது, பணம் யார் கையிற் சேர்கிறது என்ற இரண்டையும் தீர்மானிக்கும் உரிமைக்காகப் போராடுவதே உழைக்கும் மக்களின் கடமை. அதற்கு மூன்று நிபந்தனைகளை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, விலை சொகுசிலிருந்து தொடங்க வேண்டும். இயந்திரத்தின் பருமனையும் எரிக்கும் லீற்றரையும் சேர்த்து அளக்கும் வரி சொகுசு வாகனத்தின்மீது விழட்டும். பஸ்ஸும் அடுப்பும் இறுதியாக வரட்டும்.

இரண்டாவது, திரட்டிய பணம் ஆளுக்குச் சமமாகத் திரும்ப வேண்டும். நூறு பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். செல்வர் பத்துப் பேர் சேர்ந்து 60 லீற்றர் எரிக்கின்றனர். மற்றைத் தொண்ணூறு பேரும் சேர்ந்து 40 லீற்றர். லீற்றருக்கு 10 ரூபா வரியெனில் சேர்வது 1,000 ரூபா. அதனை ஆளுக்குப் பத்து ரூபாவாகப் பங்கிட்டால், 400 ரூபா செலுத்திய தொண்ணூறு பேருக்கு 900 ரூபா திரும்பும். 600 ரூபா செலுத்திய பத்துப் பேருக்கு 100 ரூபா திரும்பும். கனடா இவ்வழியிற் சென்றது. எனினும் திரும்பிய பணம் மக்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாததால், எதிர்ப்பிரசாரம் வென்று 2025 ஏப்ரலுடன் பொதுமக்கள்மீதான அக்கட்டணம் கைவிடப்பட்டது. ஆகவே ஒரு பகுதி பணமாகவும், ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும் பொருளாகவும் வர வேண்டும்: மலைப்பாதைக்கு பஸ், புகையற்ற அடுப்பு, சரியாத நிலத்தில் உறுதியோடு கூடிய வீடு. 2016 தொட்டு வீட்டுக் கூரையிற் சூரிய மின்சாரம் உற்பத்தி செய்ய அரசு ஊக்கம் கொடுத்துவருகிறது. நன்று. கூரை தன்னுடையதல்லாதவன் சூரியனை எங்கே பிடிப்பது? நிலவுரிமைக் கோரிக்கையும் காலநிலைக் கோரிக்கையும் மலையகத்தில் வேறுவேறல்ல.

மூன்றாவது, செல்வ நாடுகள் தரவேண்டியது கடனாகவன்றி, கடன் அடைப்பாக வர வேண்டும். சூறாவளியில் வீழ்ந்த பாலத்தைக் கட்ட, சூறாவளிக்குப் பெரிதும் பொறுப்பானவனிடமே வட்டிக்குப் பணம் வாங்குவது எந்த அறநூலிலும் இல்லை. காபன் விலையால் அவர்கள் திரட்டும் வருமானத்தில் ஒரு நிலையான பங்கு, யாசகமாகவன்றி உரிமையாக, நட்டமடைந்த நாடுகளுக்கு வர வேண்டும். அது கொழும்பிலேயே தங்கிவிடாது மலைவரை ஏறிவருவதைப் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சிரிப்பவர்கள் இருப்பர். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவுக்கு வருவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள் நாம். அதற்கு முந்திய ஆயிரம் ரூபாக் கோரிக்கையையும் நடைமுறைக்கு ஒவ்வாதது என்றே கூறினர். 2021இல் அதுவும் வந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. இக்கணக்குகளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். கூட்டுவட்டி கற்பிக்கும் நாளில் நூறாண்டுக்குப் பின்வரும் மண்சரிவின் ‘இன்றைய மதிப்பை’ மாணவரைக் கணிக்கச் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடத்தில் 1867ஐக் கற்பிக்கும்போது 1840ஐயும் கற்பியுங்கள். தமிழ்ப்பாடத்தில் நாம் செய்யக்கூடியது சிறியதுதான், அதனைச் செய்துவிட்டோம். மறுவாரம் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் மீண்டும் எழுதி, எழுவாயைத் திருத்தும்படி அம்மாணவியையே அழைத்தோம். அவள் ‘மனிதன்’ என்ற சொல்லை அழித்தாள். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்றே நின்றாள். “ஒரு பெயர் போதாது, சேர், இடமும் போதாது” என்றாள்.

பலகையில் இடம் போதாவிட்டால் சுவரிலும் எழுதுவோம். விலைச்சீட்டு அந்தப் பெயர்களுக்குப் போய்ச் சேரும்வரை எழுதுவோம்.